சிவப்பு நாளில் கேட்கும் காது

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் காது இரண்டு விதமாக வேலை செய்யும். அவர் வாங்கி வைத்திருந்த பங்கின் விலை இறங்கிய நாளில் ஒரு விதம், ஏறிய நாளில் வேறு விதம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. கண்டுபிடித்த பிறகும் வெளியே சொல்ல முடியவில்லை. சொன்னால் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். என் கணவர் அப்படித்தான் நினைத்தார்.

மணமேல்குடியில் நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். மகளுக்கு ஐந்து வயது. பனி, தூசி, ஊதுபத்திப் புகை, எது பட்டாலும் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். மாதம் ஒரு முறை புதுக்கோட்டையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுவோம். நடுவில் மூச்சு முட்டினாலும் அங்கேதான் ஓட வேண்டும். பஸ் என்றால் அறந்தாங்கியில் இறங்கி மாற வேண்டும். அதனால் எங்களுக்கு அண்ணனின் கார்தான்.

அவர் குவைத்தில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததும் ஒரு மின்சாரக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். ஊரில் அவருக்குக் கரண்டு கார்க்காரர் என்று பெயர். பெட்ரோல் பங்க் பக்கமே போகாமல் வீட்டுக் கொட்டகையில் ஒயரைச் செருகிவிட்டு அவர் டீ குடிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அவருக்கே அந்தக் காரின் மேல் ஒரு மயக்கம் வந்துவிட்டது. கையில் மீதமிருந்த பணத்தில் அதே கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளை நர்சிங்கில் சேர்க்க வைத்திருந்த பணம் அது. அன்றிலிருந்து அவர் வாயில் அது "நம்ம கம்பெனி"தான்.

"நம்ம கம்பெனி பெயிண்டப் பாத்தியாம்மா? இந்த உப்புக் காத்துல நிக்கிது, ஒரு பொட்டுத் துரு இருக்கா பாரு" என்பார். காரின் கதவை அவர் சாத்துவது, தூங்கும் பிள்ளை இருக்கும் அறைக்கதவைச் சாத்துவது போல இருக்கும்.

மற்ற டிரைவர்கள் ஸ்டீயரிங் பக்கத்தில் போனை மாட்டி வழி பார்ப்பார்கள். இவர் மாட்டியிருந்த போனில் எப்போதும் அந்தப் பங்கின் விலைதான் ஓடும். ஏறினால் எண் பச்சையாகும், இறங்கினால் சிவப்பாகும். அந்த வீட்டில் கிழமையைக் கேட்பதைவிட நிறத்தைத்தான் அதிகம் கேட்பார்கள். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் மீன் குழம்பு கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று சிரித்தார்.

"நேத்து செவப்புத்தா. இந்தக் கொழம்புல உப்புக் கூடுன்னு தட்டத் தள்ளி விட்டாரு. இன்னைக்கு அதே கொழம்பத்தான் சுட வச்சு ஊத்துனேன். பச்சையாம்ல, ஆகா ஓகோன்னு வழிச்சுத் திங்கிறாரு. ஒனக்குப் புதுசுன்னு நெனச்சிராத, அதே கொழம்புதான்."

நானும் சிரித்தேன். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கார் பத்திரிகை ஆண்டுக்கு ஒரு முறை, கார் வைத்திருப்பவர்களிடம் போனில் கேட்டு, எந்தக் கம்பெனியின் வண்டியை நம்பி ஓட்டலாம், எது அடிக்கடி பழுதாகிறது என்று வரிசை போடும். அந்த வருட வரிசை வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டு வந்தார்.

"நீ படிச்ச புள்ள. இது என்ன சொல்லுதுன்னு பாரு. சந்த தொறந்ததுலேருந்து விழுந்துக்கிட்டே இருக்கு."

படித்தேன். "நம்ம கம்பெனி" கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்தது. சார்ஜ் ஏறுவதில் கோளாறு, திரை உறைந்து போவது, பேட்டரி திடீரென்று சக்தி குறைவது என்று உரிமையாளர்கள் சொன்ன குறைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொன்னேன். கொஞ்சம் மழுப்பிச் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். ஆனால் படித்துச் சொல்லு என்று ஒருவர் கேட்டால் மழுப்ப எனக்குத் தெரியாது.

"நம்ம வண்டியில இதெல்லாம் ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிக் காரைப் பார்த்தார். புதிதாக வந்த ஆளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

மறுநாளிலிருந்து அவருக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மின்சாரக் காரில் சத்தம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. அவருக்கோ முன் சக்கரத்தில் ஒரு முனகல், அடியில் ஒரு கிடுகிடுப்பு, சீட்டுக்குக் கீழே ஏதோ சொடுக்கு. விலை விழுந்துகொண்டிருந்த அந்த வாரங்களில் அறந்தாங்கி போவதற்குள் மூன்று இடத்தில் ஓரம் கட்டுவார். "ஏசிய அமத்துறேன். கண்ணாடிய எறக்குங்க. யாரும் பேசப்புடாது" என்பார். நானும் மகளும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்போம். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மெதுவாகக் காரை நகர்த்திக் கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு முறை தண்ணீர் பாட்டில் உருண்ட சத்தம்.

அப்படி ஒரு நாள் புதுக்கோட்டைக்குப் போகும்போது சட்டென்று ஓரம் கட்டினார்.

"பின்னாடி விசில் மாதிரி ஒரு சத்தம் வருதும்மா. ஒனக்குக் கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. நான் சன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி டிக்கியைத் திறந்து பார்த்தார், சக்கரத்தைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து என் மகள் பக்கம் காதைக் கொண்டு வந்தார். அப்படியே நின்றார்.

"ஏம்மா," என்றார் மெல்லிய குரலில், "இது வண்டி இல்லம்மா. புள்ள நெஞ்சு."

நான் அவள் மார்பில் கை வைத்தேன். இளைப்பு ஆரம்பித்திருந்தது. அவள் பாட்டுக்கு விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து, வாயில் பொருத்தும் குழாயை மாட்டி மருந்து கொடுத்தேன். அதன் பிறகு அவர் ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. ஒரு குழியில்கூட கார் குதிக்கவில்லை.

பெற்ற தாய் பக்கத்தில் இருக்கிறேன், எனக்குக் கேட்காதது முன்னால் இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது. அந்த நினைப்பு என்னை வெகு நாள் விடவில்லை. அதோடு இன்னொன்றும் மனதில் விழுந்தது. அன்று அவர் போனில் எண் சிவப்பாக இருந்தது.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். சிவப்பு நாளில் அவர் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். டயரைத் தட்டுவார், சார்ஜை இரண்டு முறை பார்ப்பார், மெதுவாக ஓட்டுவார், பின் சீட்டில் தும்மினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். பச்சை நாளில் அவரைப் போலக் கலகலப்பான மனிதர் கிடையாது. குவைத்துக் கதைகள் சொல்வார், பாட்டுப் போடுவார், முன்னால் போகும் லாரியைத் தாண்டுவார். அந்த நாட்களில் என் மகள் இருமினால், "என்ன பாப்பா, தொண்டையில தவளையா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார்.

நானும் என் போனில் அந்தப் பங்கின் விலை காட்டும் ஆப்பை இறக்கிக்கொண்டேன். மருத்துவரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்திய மாலையில் சந்தை எப்படி முடிந்தது என்று பார்ப்பேன். சிவப்பென்றால் நிம்மதியாகப் பையைக் கட்டுவேன். பச்சையென்றால் பஸ்ஸில் போகலாமா என்று யோசிப்பேன். ஒரு நாள் வீடியோ காலில் பேசும்போது என் கணவர் இதைக் கவனித்துவிட்டார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டே இருக்க? ஷேர் கீர் வாங்குறியா?"

"இல்லைங்க. நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டுப் போகணும்ல, அதுக்குத்தான்."

"அதுக்கு எதுக்கு ஷேர் வெல?"

சொன்னேன். "நீ சரியாத் தூங்குறியா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நானே என்னை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மனிதரின் பணம் கரைந்தால்தான் என் பிள்ளை பத்திரமாகப் போய் வரும் என்று எண்ணுவது என்ன புத்தி? அதுவும் யார் பணம்? மதினி வெள்ளிக்கிழமைதோறும் கோவிலில் விளக்குப் போட்டுவிட்டு என்னிடம் திருநீற்றைக் கொடுப்பார். "நீயும் வேண்டிக்கத்தா, இந்தச் சனியன் கொஞ்சம் ஏறட்டும். புள்ளைக்கு அட்மிஷன் வருது. ஒன் வாய் முகூர்த்தம் நல்லா இருக்கும்." நான் சரி என்று தலையாட்டி நெற்றியில் பூசிக்கொள்வேன். அன்று காலையில்தான் சிவப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பேன். அவர் மகள் பள்ளிச் சீருடையில் சைக்கிளில் போகும்போது என்னைப் பார்த்து, "அத்தை, வாரேன்" என்பாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.

மாதங்கள் போயின. பேட்டரிக் குறைகளைச் சரி செய்துவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. அதன் பிறகு வேறொரு பத்திரிகை போட்ட வரிசையில் அது நடுவுக்கு மேலே வந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த காலையில் எங்களுக்கு மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. மகளுக்கு விடியும்போதே லேசாக இளைத்தது. ஆப்பைத் திறந்தேன். அத்தனை பச்சையை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் போய்விடலாமா என்று நினைத்தேன். இளைக்கும் பிள்ளையைக் கூட்டத்தில் நிற்க வைப்பதா என்றும் நினைத்தேன். அதற்குள் அண்ணன் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டார்.

"வாம்மா, வா! நம்ம கம்பெனி எங்க போயி நிக்கிதுன்னு பாத்தியா? அந்தப் பட்டியலப் படி, பாப்பாவும் கேக்கட்டும்."

படித்தேன். அறந்தாங்கி தாண்டியதும் மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். படிக்கும்போதே ஒரு கையால் மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"மாமா, ஆமை வந்திருச்சு!"

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் சின்னதாக ஓர் ஆமைப் படம் எரிந்தது. காருக்குச் சக்தி குறையும்போது வருவது அது. சார்ஜ் தீரப் போகும்போது வந்தால் நியாயம். ஆனால் சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

"அண்ணே, பாதிக்கு மேல இருக்கே, ஆமை ஏன் வருது?"

"அது சென்சாரும்மா. சும்மா வெளையாடும். நல்ல ஆமைதான் பாப்பா, மாமாவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கு."

கார் மெதுவானதை நான் உணர்ந்தேன். அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. பாட்டு ஓடியது. ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. இன்னொரு முறை சொல்லலாமா, சொன்னால் நல்ல நாளில் கெட்ட வாய் வைத்ததாக நினைப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வல்லத்திராக்கோட்டை நெருங்குகையில், கார் உருண்டு உருண்டு நின்றுவிட்டது. பாட்டும் நின்றது, ஏசியும் நின்றது. அப்போதுதான் மகளின் நெஞ்சுச் சத்தம் கார் முழுவதும் கேட்டது.

அண்ணன் காரின் சுவிட்சை அணைத்துப் போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார். "ஒரு நிமிசம்மா, இப்ப வந்திரும்" என்றார். வெயில் கண்ணாடி வழியே தீயாக இறங்கியது. நான் இன்ஹேலர் கொடுத்தேன். அவளுக்கு விலா உள்ளே இழுத்தது. "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடி, நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். புதுக்கோட்டை போகிற பஸ் கிறீச்சிட்டு அவர் முன்னால் நின்றது.

"யோவ், சாகுறதுக்கு வேற வண்டி கெடைக்கலயா ஒனக்கு?" என்று டிரைவர் கத்தினார்.

"சாகத்தான்யா கூடாதுன்னு நிக்கிறேன். புள்ளைக்கு மூச்சு முட்டுது, ஏத்திக்க!"

அவளை அவர்தான் தூக்கி உள்ளே கொடுத்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் படியில் கால் வைக்கும்போது அண்ணன் என் பக்கம் குனிந்தார். கண் கலங்கியிருந்தது. ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கார் நின்னத யார்ட்டயும் சொல்லிராதம்மா" என்றார்.

மருத்துவமனையில் புகை போல மருந்தை மூக்கில் பிடித்ததும் மகள் தெளிந்துவிட்டாள். மதியத்துக்குள் பசிக்கிறது என்றாள். அவளுக்கு இட்லியை ஊட்டிக்கொண்டே நான் அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமிருந்து மறைக்கச் சொன்னார்? சவாரி போய்விடும் என்றா? மதினி திட்டுவார் என்றா?

அது இரண்டும் இல்லை என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஆறிய பிறகு கார் தானாகவே கிளம்பிவிட்டதாம். வீட்டுக்கு ஓட்டி வந்து கொட்டகையில் விட்டுவிட்டார். சர்வீஸுக்குக் கொண்டு போகவில்லையா என்று கேட்டேன்.

"கொண்டு போனா எழுதிக்கிருவாய்ங்கம்மா. எழுதுனா கம்ப்ளைண்டு. ஆளாளுக்கு இப்புடி ஒண்ணு எழுதி வச்சா, அடுத்த பட்டியல்ல நம்ம கம்பெனி எங்கிட்டுப் போயி நிக்கும்? இப்பத்தான் ஏறுது. அட்மிஷன் முடியட்டும்."

அவருக்கு அது பேராசையாகத் தெரியவில்லை. சொந்த வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டு போகாமல் இருப்பது போலத்தான் தெரிந்தது. உங்கள் பெண்ணின் படிப்பை விட என் பெண்ணின் மூச்சு பெரிது என்று எப்படி வாய் விட்டுச் சொல்வது?

அந்த வாரத்தில் ஒரு மாலை மதினிக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கொட்டகையில் கார் சார்ஜில் நின்றது. என் மகள் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணனுக்குப் போன் வந்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"வணக்கம் சார். கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கருத்துக் கணிப்பு நடத்துகிறோம். சில நிமிடம் பேசலாமா?" ஒரு பெண்ணின் குரல். கம்பெனியைக் கடைசிக்கு முந்திய இடத்தில் போட்டிருந்த அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொன்னாள்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "கேளும்மா, கேளு."

எந்த வருடம் வாங்கியது, மாதம் எவ்வளவு ஓடுகிறது, பெயிண்ட் எப்படி, பிரேக் எப்படி என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் "ஏ ஒன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மதினி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கடந்த ஒரு வருடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போது கார் நின்றதுண்டா சார்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று தலையசைத்திருக்கலாம், அசைக்கவில்லை. காருக்குள் என் மகள், "பாம், பாம்" என்று வாயால் ஹாரன் அடித்து, சிரித்து, இரண்டு முறை இருமினாள்.

"சார், லைனில் இருக்கீங்களா?"

"இருக்கேன். நின்னுச்சும்மா."

"எத்தனை முறை சார்?"

"மூணு தரம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மதினியின் கை கீரையில் அப்படியே நின்றது.

"ஒரு தரம் நான் மட்டும் இருந்தேன். ஒரு தரம் பக்கத்து வீட்டுப் புள்ள, மூச்சு முட்டுற புள்ள. அதுக்கு முன்னாடி ஒரு தரம் கோட்டைப்பட்டினத்துப் பொண்ணு, பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆட்டோ பிடிச்சு மாத்தி விட்டேன். நல்லபடியா பெத்துக்கிருச்சு." மதினி பக்கம் திரும்பாமலே பேசினார். "மூணு தரமும் ஆமை வந்துச்சும்மா. நான்தான் கண்டுக்கல."

"என்னங்க சொல்றீங்க?" என்றார் மதினி. அண்ணன் கையை நீட்டி, பொறு என்று காட்டினார்.

அந்தப் பக்கம் விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "கடைசிக் கேள்வி சார். உங்கள் காரின் நம்பகத்தன்மைக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?" என்றாள்.

"ஓடுறப்பப் பத்தும்மா."

"நிற்கும்போது?"

அவர் கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தார்.

"ஒரு எண்தான் சார் போட முடியும்."

"அப்ப நீயே பாத்து ஒண்ணு போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மதினி அழுதார். பிரசவப் பெண்ணை நினைத்தா, அட்மிஷனை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. "நின்னத ஏங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருந்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டுமோ?

மறுநாள் காலையில் சந்தை திறக்கும் நேரத்துக்கு நானும் ஆப்பைத் திறந்து வைத்திருந்தேன். அவர் ஒருவர் சொன்னதற்கு விலை இறங்காது என்று எனக்குத் தெரியும். படித்தவள்தானே. அப்படியும் இறங்கிவிடுமோ என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன். கையில் போன்.

"ஏறுதும்மா" என்றார்.

"நல்லதுதானே அண்ணே."

"என்ன நல்லது? நேத்து அம்புட்டும் சொன்னேன். மூணு தரம் நின்னுச்சுன்னு சொன்னேன். ராத்திரி பூரா தூங்காம, காலையில பாதியாயிருக்கும்னு பயந்து தொறந்து பாத்தா, ஒண்ணுமே கேக்காத மாதிரி ஏறுது." ஏமாற்றப்பட்டவரைப் போல என்னைப் பார்த்தார். "அப்ப இம்புட்டு நாளு இது எந்த வண்டியப் பத்திம்மா பேசிக்கிட்டு இருந்துச்சு? நம்ம வண்டியப் பத்தி இல்லியா?"

சிரிப்பதா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"திருச்சியிலேருந்து இழுக்குற வண்டி வருது. சர்வீஸுக்குப் போகுது. எழுதிக்கிறட்டும், என்ன வேணா எழுதிக்கிறட்டும். சரியாயி வந்தாலும் நான் ஒரு மாசம் தனியா ஓட்டிப் பாப்பேன். அதுவரைக்கும் பாப்பாவ ஏத்த மாட்டேன்."

"திடீர்னு அவசரம்னா?"

"அவசரம்னாதான் ஏத்த மாட்டேங்கிறேன்." கோபமாகச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "ஆம்புலன்சுக்கு அடி. இல்ல, முக்கத்துல டீசல் கார் வச்சிருக்கான்ல, அவன்ட்டச் சொல்லி வச்சிருக்கேன். எனக்கு அடிக்காதம்மா. அடிச்சா நான் வந்துருவேன். எனக்கே என்னைய நம்ப முடியல."

இவ்வளவு நாள் எதற்கென்றாலும் ஒரு மிஸ்டு கால் கொடு போதும் என்று சொன்னவர். தெருவில் இழுவை வண்டியின் ஹாரன் கேட்டதும் போய்விட்டார். கார் பின்பக்கமாக ஏற்றப்பட்டுப் போவதைத் தெருவே பார்த்தது. அவர் யாருக்கும் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. டீக்கடை வாசலில் ஒருவர், "என்ன, கரண்டு போச்சா?" என்று கேட்டார். "போச்சு" என்றார் அண்ணன்.

அந்தப் பங்குகளை விற்றாரா, எப்போது விற்றார் என்று நான் கேட்டதில்லை. அவர் மகள் திருச்சியில் நர்சிங் சேர்ந்தாள். அவர்களும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பொங்கலுக்கு மதினி போன் செய்வார். அண்ணன் இப்போது ஒரு பள்ளியில் வேன் ஓட்டுகிறாராம். டீசல் வேன். தினமும் கிளம்பும் முன் பிள்ளைகளை எல்லாம் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுகிறாராம், பிள்ளைகள் அதற்காகவே அவரைக் கிண்டல் செய்கிறார்களாம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் காலைதான். கார் போன பிறகு நான் உள்ளே வந்தேன். ஆப்பில் எண் பச்சையாக ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஆசைப்பட்டது இதுதானே, அவர் கவனமாக இருக்க வேண்டும் என்பதுதானே என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் இனி மூச்சு முட்டினால், முன் சீட்டிலிருந்து திரும்பி, "ஏம்மா, புள்ள நெஞ்சு" என்று சொல்ல ஆள் கிடையாது. மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன்.

"என்னம்மா?" என்றாள்.

"பேசாம இரு ஒரு நிமிசம்" என்று சொல்லி, என் காதை அவள் முதுகில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. உண்மையிலேயே இல்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியாததால், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.